தொடக்கநிலையில் ஒரு புளியமரம்

இந்த ஊரில் எதைத் தொட்டாலும் ‘நீங்கள் எந்த நிலை?’ என்று ஒரு கேள்வி வந்து நிற்கும். மொழி வகுப்பில் சேரப் போனால் ஆறு படி வைத்திருக்கிறார்கள். பனிச்சறுக்கு மலைக்குப் போனால் நீலப் பாதை, சிவப்புப் பாதை, கறுப்புப் பாதை. பல் வலி என்று போனாலும் பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு ஓர் எண் சொல்ல வேண்டும். ‘ஏதோ இருக்குது, பரவால்ல’ என்பதற்கு அதில் எண் கிடையாது. ஜெர்மனிக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இன்னமும் ஃபாரத்தில் நிலை கேட்கிற அந்தக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பேனா நின்றுவிடும்.

வந்த புதிதில் கூட வேலை பார்த்தவர்கள் என்னைப் பொது நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனார்கள். விசில் மாட்டியிருந்த காவலர் நீச்சல் தெரியுமா என்று கேட்டார். “ஐன் பிஸ்ஷென்” என்றேன். கொஞ்சம் தெரியும் என்று அர்த்தம். வல்லத்துப் பக்கம் என் பெரியப்பா நிலத்தில் படிக்கட்டே இல்லாத கிணறு ஒன்று உண்டு. மோட்டார் மேடையிலிருந்து தலைகீழாகக் குதித்து, அடியில் கிடக்கும் சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வந்து காட்டுகிறவன் நான். அதைப் போய் ஒரு மனுஷன் முதல் தடவை பார்க்கிறவரிடம் சொல்லிக்கொண்டிருப்பானா? அவர் தலையாட்டிவிட்டு, இடுப்பளவு தண்ணீர் இருந்த குளத்தைக் கை காட்டினார். கையில் காற்றுப்பை மாட்டிய பிள்ளைகள் நடுவில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன். தப்பு அவர்மேல் இல்லை. நான் சொன்னதை அவர் நம்பினார், அவ்வளவுதான்.

ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். என்னைப் போல வெளியே வந்து கிடப்பவர்கள் சிரிக்கமாட்டீர்கள், உங்களுக்கும் இப்படி ஒரு குளம் இருந்திருக்கும். ஆனால் இந்தக் கட்டுரை அந்தக் குளத்தைப் பற்றியது இல்லை. போன வருடம் நானே ஒரு விண்ணப்பம் தயாரித்து, அதில் நானே அந்தக் கட்டத்தை வைத்து, கூடப் பிறந்தவளைத் தவறான இடத்தில் நிறுத்தினேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் இருப்பது கசல் என்கிற ஊரில். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலை. அருள்தாஸ் என்கிற பெயரை இங்கே ‘டாஸ்’ என்று சுருக்கிவிட்டார்கள். என் மாடிவீட்டுக்காரர் ஹெல்முட், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், பால்கனி முழுக்க போன்சாய் மரங்கள் வைத்திருப்பவர். மூன்று வாரம் ஊருக்குப் போகும்போது தண்ணீர் ஊற்றச் சொல்லி என்னிடம் விட்டுப் போனார். எந்த மரத்துக்கு எத்தனை மில்லி, எந்தப் பக்கத்திலிருந்து ஊற்ற வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதி ஒட்டியிருந்தார். எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் அந்த மரங்களை விட்டுக் கொடுக்க மனசு வரவில்லை. அப்படித்தான் அவருடைய ஃபெரைனில் சேர்ந்தேன்.

ஃபெரைன் என்றால் சங்கம். நம் ஊரில் சங்கம் ஆரம்பித்தால் முதலில் ஃப்ளெக்ஸ் பேனர் வரும், தலைவர் யார் என்பதில் சண்டை வரும், விதி எல்லாம் யாருக்காவது ஞாபகம் வந்தால் வரும். இங்கே விதிதான் முதலில். கூட்டம் தொடங்குவதற்கு விதி, ஒத்திவைப்பதற்கு விதி, கேக் யார் கொண்டுவருவது என்பதற்கும் ஒரு விதி உண்டு. வருடா வருடம் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மண்டபத்தில் கண்காட்சி வைப்பார்கள். போன வருடம் அந்த மண்டபத்துக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அதனால் கண்காட்சியை இணையத்தில் வைப்பது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் மரம் அனுப்பலாம் என்று தீர்மானம் ஆனது. யார் நடத்துவது என்று பேச்சு வந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்தியன் என்றால் கம்ப்யூட்டர் தெரியும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நான் பார்ப்பது பெட்ஷீட் துவைக்கிற மெஷின் என்று சொல்லியும் கேட்கவில்லை.

சரி, கற்றுக்கொண்டேன். மரம் ஒன்றுக்கு மூன்று படம்: முன்பக்கம், பின்பக்கம், அடிவேர். பின்னால் வெறும் துணி. பக்கத்தில் ஓர் அளவுகோல். பார்வையாளர்களுக்குப் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். புதிதாகப் பழகுகிறவர்களும் பயப்படாமல் வரவேண்டும் என்று மூன்று பிரிவு வைத்தோம். ‘அன்ஃபெங்கர்’ என்பது தொடக்கநிலை, அதற்கு மேலே இடைநிலை, எல்லாவற்றுக்கும் மேலே ‘மைஸ்டர்’, அதாவது கைதேர்ந்தவர். எந்தப் பிரிவு என்பதை அனுப்புகிறவரே சொல்ல வேண்டும். பிரிவைப் பொய்யாகச் சொன்னால் மரம் நீக்கப்படும் என்பது நான்காவது விதி. அந்த விதியை எழுதியவனே நான்தான்.

செஞ்சியில் மாடித்தோட்டக்காரர்களின் வாட்சப் குரூப் ஒன்று இருக்கிறது. என் தங்கச்சி மரியபுஷ்பம் அதில் இருக்கிறாள். தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் அவளுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் என்பது போர்டில்தான். உண்மையான வேலை விண்ணப்பம் நிரப்புவது. பட்டா மாற்றம், சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் எதுவானாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் முதலில் அவள் கடை பெஞ்சில்தான் உட்காருவார்கள். அவள் எழுதின ஃபாரம் திரும்பி வராது என்று பேர். அவள் வீட்டு மாடியில் தொட்டிகளில் மரங்கள் இருப்பது எனக்குத் தெரியும். வீடியோ காலில் அவளுக்குப் பின்னால் பச்சையாக ஏதோ அசையும். நான் கேட்டதில்லை.

கண்காட்சிக்கு நீயும் ஒரு மரம் அனுப்பு என்று சொன்னதும் கூச்சப்பட்டாள். குரூப்பில் இருப்பவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள், தனக்கு மட்டும் வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. அந்த ஒரு தடவை விடவில்லை என்பதில் எனக்கே பெருமை. ஃபாரம் ஜெர்மனிலும் இங்கிலீஷிலும் இருந்தது. இங்கிலீஷில் அவளே எழுதியிருப்பாள், ஆனால் “நீயே போட்ருண்ணா, உன் சங்கம்தான” என்று சொல்லிவிட்டாள். நான் இங்கே மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நிரப்ப ஆரம்பித்தேன்.

“இன்னா மரம்?”

“புளி.”

“எந்தப் பிரிவுல போடட்டும்? எவ்ளோ பழக்கம் உனக்கு?”

“எனக்கு இன்னாண்ணா தெரியும்? தொட்டியில வெச்சித் தண்ணி ஊத்துறேன். அவ்ளோதான்.”

தொடக்கநிலை என்கிற கட்டத்தைத் தட்டினேன். அடுத்த கேள்விக்குப் போனேன்.

படங்கள் ஒரு வாரம் கழித்து வந்தன. முதலில் கடை மூடிவிட்டுப் போய் எடுத்திருந்தாள். புளிய இலை சாயங்காலம் ஆனால் மூடிக்கொள்ளும், மரமே வாடிப் போன மாதிரி இருந்தது. காலையில் எடு என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எடுத்து அனுப்பினாள். கடைசி நாளில் வந்து விழுந்த அறுபது எழுபது மரங்களோடு அதுவும் வந்தது. அளவுகோல் இருக்கிறதா, பின்னால் துணி இருக்கிறதா என்று சரிபார்த்து, எண் போட்டு ஏற்றினேன். முப்பத்து நான்கு. மரத்தைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. செஞ்சியிலிருந்து வந்த ஆறு மரமுமே தொடக்கநிலை என்று இருந்ததும், இங்கே இரண்டு வருடம் பழகின ஓர் ஆள் தன்னை மைஸ்டர் என்று போட்டுக்கொண்டிருந்ததும் கண்ணில் பட்டன. பட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கண்காட்சி திறந்த மூன்றாம் நாள் புகார் வந்தது. எழுதியவள் யானா, ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறவள், எங்கள் ஃபெரைனில் புதிதாகச் சேர்ந்தவள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதியிருந்தாள். ஒன்று, முப்பத்து நான்காம் மரத்தின் அடிவேர் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருக்கிறது, பல தடவை வேர் கத்தரிக்காமல் அப்படி வராது. இரண்டு, உச்சியில் இருக்கும் பெரிய காயம் அழகாக மூடியிருக்கிறது, அதற்குக் கைத்திறன் வேண்டும். மூன்று, நான் ஒன்றரை வருடமாக ஒரு சின்ன மேப்பிள் மரத்தோடு போராடுகிறேன், இப்படி ஒரு மரத்தோடு என்னை ஒரே வரிசையில் நிறுத்துவது மோசடி. வருத்தத்துடன் என்று முடித்திருந்தாள். அவள் சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பு இல்லை. அவள் எழுதியதைப் படித்த பிறகுதான் நான் படத்தைப் பெரிதாக்கி என் தங்கச்சியின் மரத்தை முதல் முறையாகப் பார்த்தேன்.

ஒரு முழ உயரம். அடியில் என் முன்கை கனம். தரையைப் பற்றிக்கொண்டு வேர் நாலா பக்கமும் போயிருந்தது. சாலையோரப் புளியமரம் ஒன்று தூரத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது. இதற்குத் தண்ணீர் மட்டும் ஊற்றினாளாம்.

விதிப்படி அன்றைக்கே அந்த மரத்தின்மேல் ஒரு சிவப்புப் பட்டை விழுந்தது. ‘அண்டர் ரிவ்யூ’, பரிசீலனையில் இருக்கிறது என்று. மற்ற ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது. தாலுகா ஆபீஸ் வாசலில் பிழைக்கிறவர்களுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை. மாலையில் ஃபெரைன் தலைவி பிரிகிட்டே, நடுவர் ஹெல்முட், செயலர் நான், மூவரும் வீடியோவில் கூடினோம். முப்பத்து நான்கு யார் என்று பிரிகிட்டே கேட்டாள்.

“என் தங்கை” என்றேன்.

பிரிகிட்டே குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தாள்.

“விண்ணப்பத்தை நிரப்பியது?”

“நான்.”

ஹெல்முட் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நம் ஊரில் விழா நடத்துகிறவன் தங்கச்சி அதில் கலந்துகொள்ளாமல் இருந்தால்தான் கேள்வி வரும். வீட்டில் ஏதாவது சண்டையா என்பார்கள். இங்கே கலந்துகொண்டதுதான் கேள்வி. தொடக்கநிலை என்று ஏன் சொன்னார் என்று உங்கள் தங்கை இரண்டு நாளில் எழுத்தில் விளக்கம் தரட்டும், இல்லையென்றால் நான்காவது விதி என்றார் ஹெல்முட். என்னை மூன்று வாரம் நம்பிப் பால்கனியை விட்டுப்போன மனுஷன்தான். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் நான் கூப்பிடுவதற்குள் அவளே கூப்பிட்டுவிட்டாள். பின்னால் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

“இன்னாண்ணா, என் மரத்துமேல செவப்பா ஏதோ எழுதியிருக்குதாமே? காலைல இருந்து குரூப்புல ஒவ்வொருத்தரா கேக்குறாங்க.”

“ஒண்ணும் இல்லம்மா. ஒரு பொண்ணு கம்ப்ளெய்ண்ட் குடுத்திருக்குது. அந்த மரத்தத் தொடக்கநிலையில போட்டது பொய்யாம்.”

“யாரு போட்டது?”

“நான்தான். நீதான சொன்ன, ஒண்ணும் தெரியாது, தண்ணி மட்டும் ஊத்துறேன்னு.”

மெஷின் சத்தம் நின்றது. நிறுத்திவிட்டாள் போல.

“சொல்லுவேன். வேற இன்னா சொல்லுவாங்க? நான் பெரிய கில்லாடின்னு என் வாயாலயே சொல்லிக்கச் சொல்றியா?” என்றாள். “என் கடைக்கு ஒரு ஆளு வராரு. எனக்கு ஒண்ணும் பெருசா இல்லம்மா, ஏதோ கொஞ்சம் நெலம்ன்றாரு. நான் ‘கொஞ்சம் நெலம்’னு அப்படியே எழுதிக் குடுத்துடறனா? எத்தினி சென்ட்டு, எந்த சர்வே நம்பரு, கெணறு இருக்குதா, பாகம் பிரிச்சாச்சா, ஒண்ணொண்ணாக் கேட்டுத்தான எழுதறேன். ஊர்ல இருக்கிறவங்களுக்கே அவ்ளோ கேக்குறேன். நீ கூடப் பொறந்தவன். திருப்பி ஒரு வார்த்த கேட்டியாண்ணா?”

நான் ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“எதிர்ல டீக்கடைக்காரரு சிரிச்சிக்கினே கேக்குறாரு, இன்னாம்மா உன் ஃபாரமே திரும்பி வந்துட்டுதான்னு. தமாஷாத்தான் கேக்குறாரு. ஆனா பொய்யா எழுதுறவன்னு ஒரு பேரு வந்துட்டா யாருண்ணா எங்கிட்ட வந்து எழுதுவாங்க? இருபத்தோரு வருசமா இந்தப் பெஞ்சுல ஒக்காந்திருக்கேன்.” அதோடு, “வேணாம். எடுத்துடு. எனக்கு இதெல்லாம் வேணாம்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வைத்த பிறகு நான் சலவைக்கூடத்தின் பின்வாசலில் உட்கார்ந்திருந்தேன். அந்த ‘வேணாம்’ எந்த வேணாம் என்று எனக்குத் தெரியவில்லை. போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் எல்லாருக்கும் பிரியாணி பரிமாறினேன். புஷ்பம் “போதும்ண்ணா” என்றாள். கரண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, “இவன் ஜெர்மன்காரனா ஆயிட்டான்” என்று சொல்லிச் சிரித்து, தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதல் போதும் வேறு, மூன்றாவது போதும் வேறு என்பது ஒரு காலத்தில் யோசிக்காமலே எனக்குத் தெரிந்திருந்தது. இங்கே ஒருவர் போதும் என்றால் போதும்தான். மறுபடி வற்புறுத்தினால் கோபித்துக்கொள்வார்கள். இந்த ஊரில் பிழைக்க வேண்டும் என்று நான் பாடுபட்டுக் கற்றுக்கொண்டது அது. அதைக் கற்றுக்கொள்ளும்போது பழையது கையை விட்டுப் போனதை யாரும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவள் உண்மையிலேயே வேண்டாம் என்று சொல்லியிருந்து நான் விடாமல் இருந்தால் அவளை இன்னும் அவமானப்படுத்துவேன். விட்டுவிட்டால், இரண்டாவது தடவையும் அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டவன் ஆவேன்.

அரை நாள் லீவு போட்டேன். அவளுடைய கடையில் கூட்டம் குறைகிற மூன்று மணிக்கு வீடியோவில் கூப்பிட்டேன்.

“இன்னா?” என்றாள்.

“ஒரு ஃபாரம் எழுதணும். இன்னைக்கி நான் கடைக்காரன். நீ பெஞ்சுல ஒக்காந்திருக்கிறவ. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு.”

“வேணாம்னு சொன்னேன்ல?”

“கேட்டுச்சி. மரம் எங்க மொளச்சிது?”

மேசையில் கிடந்த ஃபாரங்களை அடுக்கி ஓரமாக வைத்தாள். பிறகு, “கடை வாசப்படியில” என்றாள்.

அப்புறம் வந்துகொண்டே இருந்தது. கடை திறந்த வருடம் வாசப்படிச் சிமெண்ட் வெடிப்பில் முளைத்திருக்கிறது. நான் ஊரை விட்டு வருவதற்கு மூன்று வருடம் முன்னால். உடைந்த பிளாஸ்டிக் பக்கெட்டில் எடுத்து வைத்தாளாம். அந்தப் பக்கெட்டில் எத்தனையோ தடவை என் கால் இடித்திருக்கிறது. தொட்டி எது என்று கேட்டேன். பழைய அலுமினியத் தட்டை அச்சாக வைத்து அவளே சிமெண்டில் வார்த்தது. கொம்பு வளைக்கக் கம்பி? மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கழித்துப் போடுகிற செப்புக் கம்பி. மண் எப்போது மாற்றுவாய்? இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, ஓர் அமாவாசை அன்றைக்கு. உச்சியில் அந்தக் காயம்?

“கொரங்குண்ணா. கோட்டையில இருந்து எறங்கி மாடி மாடியா வருதுங்க இல்ல, அதுல ஒண்ணு உச்சிக் கொம்பையே ஒடிச்சிட்டுப் போயிட்டுது. ஒக்காந்து அழுதேன். அப்புறம் பேனாக் கத்தியால ஒடிஞ்ச எடத்த நைசா சீவி, மழத்தண்ணி நிக்காம ஒரு பக்கமா வழி வுட்டேன். தோல் மூடறதுக்கு மூணு வருசம் ஆச்சி.”

“இதுல எப்பவாவது மரம் செத்துப்போற மாதிரி ஆச்சா?”

“ஆச்சி. நைனா செத்த வருசம். மூணு மாசம் நான் மாடிக்கே போகல. பாதி வேரு காஞ்சிபோச்சி. அவரு தூக்கிப் போட்டுடுன்னாரு. காஞ்ச வேர மட்டும் எடுத்துட்டு, மண்ண மாத்தி, ஈரச் சாக்கு சுத்தி வெச்சேன். நாப்பது நாளு கழிச்சி ஒரு துளிர் வந்திச்சி.”

அவரு என்றால் அவள் புருஷன். நைனா எங்கள் அப்பா, அவர் சாவுக்கு நான் போகவில்லை. விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், வெளியே போனால் திரும்பி வர முடியாது என்றார்கள். நான் போகாதது எனக்குத் தெரியும். அந்த மூன்று மாதம் அவள் மாடிப்படி ஏறவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் எழுதினேன்.

“கடைசிக் கேள்வி” என்றேன். “எந்தப் பிரிவு?”

“நீயே போட்டுக்கோ.”

“போட மாட்டேன். சொல்லு.”

“மூணாவது இன்னான்னு சொன்ன?”

“மைஸ்டர்.”

“அதுதான்” என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மொத்தம் நான்கு பக்கம் வந்தது. ஜெர்மனில் பெயர்த்து, கடைசியில், தொடக்கநிலை என்று தட்டியது நான், எங்கள் ஊரில் தன் திறமையைத் தானே சொல்லிக்கொள்ள மாட்டார்கள், எதிரில் இருப்பவர்தான் கேட்டு வாங்க வேண்டும், நான் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கூட்டத்தில் பிரிகிட்டே அதைப் படித்துக்கொண்டே வந்தவள், அமாவாசை என்ற இடத்தில் நிமிர்ந்தாள். நிலாவைப் பார்த்துச் செடி நடுகிற காலண்டர் ஒன்றை அவள் சமையலறையில் மாட்டியிருக்கிறாள்.

“உங்கள் தங்கையும் நிலாவைப் பார்த்துத்தான் செய்கிறாரா!” என்றாள், முகமெல்லாம் மலர்ச்சி.

“இல்லை, பஸ்ஸைப் பார்த்து” என்றேன். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் விடுவார்கள், கிராமத்துப் பஸ்ஸெல்லாம் அங்கே போய்விடும், தாலுகா ஆபீசுக்கு ஆள் வராது, அன்றைக்குத்தான் அவளுக்குக் கடையில் வேலை இல்லை என்று விளக்கினேன். பிரிகிட்டே தலையாட்டினாள். நிலாதான் காரணம், அதை நான் சொல்லக் கூச்சப்படுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது.

ஹெல்முட் நான்கு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தார். கண்காட்சி திறந்த பிறகு பிரிவு மாற்ற விதி இல்லை என்றார். நான் எதிர்பார்த்ததுதான். பிறகு, “ஆனால் இந்த மரத்தை நீக்கினால் என்னால் கண்ணாடியில் முகம் பார்க்க முடியாது” என்றார். அப்படிப் பேசுகிற ஆளே இல்லை அவர். கடைசியில் பிரிகிட்டே ஒரு வழி கண்டுபிடித்தாள். ‘அவ்சர் கொங்குரென்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. போட்டியில் சேர்க்காமல் பார்வைக்கு மட்டும் வைப்பது. சிவப்புப் பட்டையை எடுத்துவிட்டு, மரத்தின் கீழே புஷ்பம் சொன்ன நான்கு பக்கத்தையும் அவள் பெயரோடு போட்டோம். செஞ்சியிலிருந்து வந்த மற்ற ஐந்து பேரிடமும் அதே நாளில் நான் ஃபோனில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூன்று பேர் நிஜமாகவே தொடக்கநிலை. மற்ற இரண்டு பேரின் மரங்களும் போட்டியிலிருந்து பார்வைக்கு மாறின. விண்ணப்பத்தை இனி அவரவரே நிரப்ப வேண்டும் என்று நான்காவது விதியில் ஒரு வரி சேர்ந்தது. அதையும் நான்தான் எழுதினேன்.

புஷ்பத்துக்குப் பரிசு இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளே அந்த நான்கு பக்கத்தைத் தமிழில் டைப் அடித்து, ஜெராக்ஸ் எடுத்து, கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தாள். டீக்கடைக்காரர் முதல் ஆளாக வந்து நின்று முழுக்கப் படித்தாராம். “கொரங்கு ஒடிச்சதக் கூட எழுதியிருக்கியேம்மா, நெஜமாத்தான் இருக்கும்” என்றாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யானா, அந்தக் காயத்தைப் பற்றி உங்கள் தங்கையிடம் பேச வேண்டும் என்று கேட்டாள். இங்கே காலை, அங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மொட்டை மாடியில் வெயில் கொளுத்தும் என்று புஷ்பம் மரத்தைக் கூடத்துக்குத் தூக்கி வந்து, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வீடியோ காலில் நான் நடுவில் மொழிபெயர்க்க.

“மோசடி என்று எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்” என்றாள் யானா. “கண்காட்சியிலேயே அழகான மரம் உங்களுடையதுதான்.” அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

புஷ்பம் முகம் சிவந்து, “அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. கொரங்கு ஒடிச்சிது, அதுவா வளந்துகிச்சி. என் கையில இன்னா இருக்குது?” என்றாள்.

யானா என்னைப் பார்த்தாள். “அந்தக் காயத்தைத் தானே செதுக்கியதாகச் சொல்கிறாள்” என்றேன் ஜெர்மனில். “மூன்று வருடம் காத்திருந்தாளாம். நீங்கள் அதைக் கவனித்துச் சொன்னது அவளுக்கு ரொம்பச் சந்தோஷம்.” யானா ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள்.

“இன்னாண்ணா, நான் சொன்னது இத்தினூண்டு. நீ எவ்ளோ நேரம் பேசுற?”

“இந்த பாஷை அப்படித்தாம்மா.”

யானா தன் மேப்பிளைத் தூக்கிக் காட்டினாள். ஒன்றரை வருடத்தில் கம்பி கட்டுவது தனக்கு நன்றாக வந்துவிட்டது, இடது கொம்பு நிஜமாகவே சிறப்பாக வந்திருக்கிறது, அதில் தனக்குப் பெருமை என்றாள். நிமிர்ந்து, நேராக, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“ஏதோ இப்பத்தான் கத்துக்குதாம்” என்றேன் புஷ்பத்திடம். “எடது பக்கக் கொம்ப நீ பாத்துச் சொல்லணுமாம்.”

புஷ்பம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தாள். “யாரு சொன்னது? எவ்ளோ அழகாக் கட்டியிருக்குது! ஒரு எடத்துலகூடத் தோல் நசுங்கல பாரு. சொல்லுண்ணா, நல்லா சொல்லு.”

அதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன்.

“யா, இஷ் வைஸ்” என்றாள் யானா. ஆமாம், எனக்குத் தெரியும்.

“இன்னா சொல்லுது?”

“நீங்க சொன்னதே பெரிய விஷயம்னு சொல்லுது.”

“நல்ல பொண்ணு” என்றாள் புஷ்பம்.

அப்புறம் இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டுக் கையாலேயே பேச ஆரம்பித்தார்கள், கத்தியைப் பிடிக்கிற விதம், கொம்பை வளைக்கிற விதம் என்று. திரையில் மேலே இரண்டு சதுரங்களில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொல்லாததை இன்னொருத்திக்குச் சொல்லி முடித்துவிட்டு, கீழே மூன்றாவது சதுரத்தில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.